டி.ஏ. பதவிக்கு ஒரு சிவில் உரிமை வக்கீல் நிற்கிறார்: ஓட்டுப் போடும் முன் எப்படி எடைபோடுவது?

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், டப்ளின் பக்கத்து நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதிபர் தேர்தல் என்றால் தூக்கத்தை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவார்கள். அதே பேலட்டில் (வாக்குச்சீட்டில்) கொஞ்சம் கீழே இறங்கி கவுண்டி, அதாவது மாவட்டப் பதவிகள் வந்ததும், “இவங்கல்லாம் யாருன்னே தெரியலையே” என்று காலியாக விட்டு உறையை ஒட்டிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் அதிபர் போட்டியில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். கவுண்டியில் யார் ஜெயிப்பார் என்பது எண்ணி முடிக்கிற வரை தெரியாது. நேரம் செலவழிப்பதாக இருந்தால் அங்கே செலவழியுங்கள் என்பேன்.

அந்தப் பதவிகளில் கனமானது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, சுருக்கமாக டி.ஏ. ஒருவர் மீது குற்ற வழக்குப் போடுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் போடுவது, எதில் சமரசம் பேசுவது என்று முடிவெடுக்கும் அலுவலகம் இவருடையது. நம் ஊரில் இந்த வேலையைச் செய்யும் அரசு வழக்கறிஞரை அரசாங்கம் நியமிக்கும். என் அப்பா மதுரையில் வக்கீல் குமாஸ்தா. ஆட்சி மாறினால் எந்த பி.பி. போவார், யார் வருவார் என்ற பேச்சுதான் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள. இங்கே அதே நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று நீங்களும் நானும் முடிவு செய்கிறோம்.

சமீப வருடங்களில் இந்த நாற்காலிக்குப் புது வகை ஆட்கள் போட்டியிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க போலீஸ் மீதும் அரசாங்கத்தின் மீதும் வழக்குப் போட்டவர்கள். ஃபிலடெல்ஃபியாவில் போலீஸ் மீது 75 வழக்குகளுக்கு மேல் போட்டிருந்த லேரி கிராஸ்னர், 2017 மே மாதம் ஏழு பேர் போட்டியிட்ட, ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் சுமார் 38 சதவீதம் வாங்கி ஜெயித்தார். (அங்கே நகரமும் கவுண்டியும் ஒன்றே.) 2021-லும் 2025-லும் மறுபடி ஜெயித்து இன்னமும் அதே பதவியில் இருக்கிறார். எங்கள் அலமீடா கவுண்டியில் பமேலா பிரைஸ் 2018-ல் தோற்று, 2022-ல் ஜெயித்து, 2024 நவம்பரில் ரிகால் தேர்தலில் (பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் நீக்குவது) பதவி இழந்தார். ஒரே வகை ஆள், இரண்டு ஊர், இரண்டு முடிவு. ‘நல்லவரா, போராளியா’ என்று மட்டும் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு இதில் பாதி விஷயம் தப்பிப்போனது என்பது என் எண்ணம். பதவியைப் பார்க்க வேண்டும். ஆள் அதற்கு அப்புறம்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

ஓட்டுப் போட குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. டி.எம்.வி.யில் லைசென்ஸ் வாங்கும்போது வாக்காளர் பதிவு பற்றிக் கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆமாம்’ என்று தட்டிவிடாதீர்கள். பிற்பாடு குடியுரிமைக்கு என்-400 போடும்போது, ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா’ என்று கேட்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் கதை நாடு கடத்தல் வரை போகலாம்.

நன்கொடைக்குக் கணக்கு வேறு. கிரீன் கார்டு இருந்தால் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 என்றால் ஒரு டாலர்கூடக் கூடாது. கூட்டாட்சிச் சட்டத்தின் இந்தத் தடை உள்ளூர்த் தேர்தலுக்கும் சேர்த்துத்தான். “உன் பேர்ல குடு, நான் உனக்கு அனுப்பிடறேன்” என்று நண்பர் மூலம் கொடுப்பது தனிக் குற்றம். ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டராக வீடு வீடாகப் போகவும் போன் போடவும் விசாக்காரர்களுக்குத் தடையில்லை. பலருக்கு இது தெரியாது.

யாரிடம் எது இருக்கிறது

வீட்டில் நகை போனால் நம்மவர்கள் திட்டுவது மேயரை. சரி, திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வரிசை இதுதான். பிடிப்பது உங்கள் நகரத்துப் போலீஸ். பிடித்தவரை அடைத்து வைப்பது ஷெரிஃப். டப்ளினில் புது வீடுகளுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சான்டா ரீட்டா ஜெயில் அவர் பொறுப்பு, அவரையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். வழக்குப் போடுவது டி.ஏ. ஜாமீனும் தண்டனையும் நீதிபதி கையில். இவர்களுக்கெல்லாம் பட்ஜெட் ஒதுக்குவது ஐந்து பேர் கொண்ட சூப்பர்வைசர் குழு.

சட்டத்தை எழுதுவது இவர்களில் யாருமில்லை. ‘950 டாலருக்குக் கீழே திருடினால் கேஸே கிடையாது, டி.ஏ. விட்டுட்டாரு’ என்று வாட்ஸாப்பில் வரும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த 950 டாலர் வரம்பைப் பெரும்பாலான திருட்டுகளுக்கும் பரப்பியது 2014-ல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிராப்பசிஷன் 47 என்ற சட்டம். அதற்குக் கீழே திருடினாலும் குற்றம்தான், சிறு குற்றம் என்ற வகையில் சேரும். 2024 நவம்பரில் பிராப்பசிஷன் 36 அதைக் கொஞ்சம் இறுக்கியது: ஏற்கெனவே இரண்டு முறை திருட்டில் தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை சிக்கினால் தொகை எவ்வளவானாலும் பெருங்குற்றமாக வழக்குப் போடலாம். அப்புறம், வீடு புகுந்து திருடுவதற்கு இந்த 950 கணக்கே கிடையாது. ஒரு ஜோடி தோடு போனாலும் அது பெருங்குற்றம். ஆகவே வேட்பாளர் யாராவது ‘சட்டத்தையே மாற்றிவிடுவேன்’ என்றால், அவர் நிற்க வேண்டிய இடம் மாநிலச் சட்டசபை இருக்கும் சாக்ரமென்டோ.

வக்கீலின் பழைய கதையைத் தோண்டுவது

பேலட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே தொழிலைச் சொல்ல மூன்று சொல்தான் இடம். கவுண்டி பதவிகளுக்குக் கட்சிப் பெயர் போட மாட்டார்கள். அதனால் ‘சிவில் ரைட்ஸ் அட்டர்னி’ என்ற மூன்று சொல் பேலட்டில் நிறைய வேலை செய்யும். அதற்குப் பின்னால் நாற்பது வருட வழக்குகளும் இருக்கலாம், நாலைந்து வழக்கும் இருக்கலாம்.

வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான கலிஃபோர்னிய ஸ்டேட் பாரின் தளத்தில் எந்த வக்கீலின் பெயரைப் போட்டாலும் எந்த வருடம் பதிவு செய்தார், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று காட்டும். காசு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளுக்கு பேசர் என்ற அரசுத் தளம் இருக்கிறது: பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் பில்லே வராது. வழக்கு மனுவின் முதல் ஐந்து பக்கம் படித்தால் போதும். யாருக்காக, யார் மீது, என்ன கேட்டு என்பது தெரிந்துவிடும். போலீஸ் மீதான வழக்குகளில் ‘1983’ என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். வருடம் என்று நினைத்துவிடாதீர்கள், சட்டப் பிரிவின் எண். சட்டம் 1871-ல் வந்தது.

பிரைஸ் விஷயத்தில் தோண்டினால் கனமான சரக்கு கிடைக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோதே பாலியல் தொந்தரவு தொடர்பாக அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது 1977-ல் வழக்குப் போட்ட மாணவிகளில் அவர் ஒருவர். தனிப்பட்ட முறையில் தோற்றார். ஆனால் கல்வி நிலையத்தில் பாலியல் தொந்தரவும் பாலினப் பாகுபாடுதான் என்ற வாதம் அந்த வழக்கிலிருந்துதான் வேர்பிடித்தது. 2002-ல் முடிந்த ஒரு இனப்பாகுபாட்டு வழக்கில் ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே நின்று வாதாடியிருக்கிறார். அதே சமயம், அரசுத் தரப்பு வக்கீலாக ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. 2022-ல் எதிரே நின்ற டெரி வைலியோ பல வருடம் அந்த அலுவலகத்திலேயே இருந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1976-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: குற்றவழக்கு நடத்தும் வேலைக்காக அரசுத் தரப்பு வக்கீல் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. போலீஸ்காரரை ஓரளவுக்குக் கேள்வி கேட்கலாம், பிராசிக்யூட்டரைத் தொடவே முடியாது. சிவில் உரிமை வக்கீலுக்கு வாழ்நாள் எல்லாம் எட்டாத அந்த நாற்காலியில்தான் இப்போது அவரே உட்காரக் கேட்கிறார். ‘எட்டாத இடத்துக்கு நீங்கள் போனால் உங்களை யார் கேட்பது?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே ஆளைப் பாதி பிடித்துவிடலாம்.

கூட்டத்தில் கேட்க வேண்டியது

நூலகத்திலோ கோயில் ஹாலிலோ வேட்பாளர் கூட்டம் நடக்கும். கேள்வியைச் சின்னச் சீட்டில் எழுதித் தரச் சொல்வார்கள். ‘குற்றங்களைக் குறைக்க என்ன செய்வீர்கள்?’ என்று எழுதாதீர்கள். எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள்.

அலுவலகத்தைப் பற்றிக் கேளுங்கள். அலமீடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வக்கீல்கள் டி.ஏ.வுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவரை அவர்களில் பலருக்குப் பிடிக்காது. கிராஸ்னர் பதவியேற்ற முதல் வாரத்திலேயே 31 பேரை வீட்டுக்கு அனுப்பினார். உங்கள் வேட்பாளர் யாரை வைத்துக்கொள்வார், அவருக்கு அடுத்த ஆள் யார், அந்த ஆள் கொலை வழக்கு நடத்தியிருக்கிறாரா? தான் முன்பு வழக்குப் போட்ட போலீஸ்காரர் நாளை சாட்சியாக வந்தால் அந்த வழக்கை யார் பார்ப்பார்? டி.ஏ.வுக்குச் சொந்த முரண் இருந்தால் அவரை விலக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. விலக்கினால் வழக்கு மாநில அட்டர்னி ஜெனரலிடம் போகும். இதைப் பற்றி யோசித்திருக்கிறவர் உடனே பதில் சொல்வார்.

தண்டனையைக் கூட்டும் கூடுதல் பிரிவுகள் பற்றியும் கேளுங்கள். துப்பாக்கி, கும்பல், பழைய தண்டனை என்று ஒவ்வொன்றுக்கும் வருடங்கள் ஏறும். பிரைஸ் வந்த கையோடு இவற்றைக் குறைக்கச் சொன்னதுதான் அவருக்கு எதிரான கோபத்தில் பெரிய பங்கு.

நமக்கென்று இரண்டு கேள்விகள் உண்டு, அவற்றை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று, சமரசம் பேசும்போது குடியேற்ற விளைவை எப்படிப் பார்ப்பார் என்பது. குடியுரிமை இல்லாதவருக்குச் சின்ன வழக்கும் பெரிதாகிவிடும். திருட்டு வழக்கில் ஒரு வருடத் தண்டனை என்று தாளில் விழுந்தால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 364 நாள் என்றால் அந்த வரம்பைத் தொடாது. இதற்காகவே கலிஃபோர்னியாவில் 2015-லிருந்து சிறு குற்றத்தின் அதிகபட்சத் தண்டனையை ஒரு நாள் குறைத்து 364 நாளாக்கினார்கள். சமரசத்தில் குடியேற்ற விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அரசுத் தரப்புக்கு மாநிலச் சட்டமே சொல்கிறது. எவ்வளவு மனதோடு எடுப்பார்கள் என்பது டி.ஏ.வைப் பொறுத்தது.

இன்னொன்று யு விசா. எச்-4-ல் வந்து, கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு, போலீஸுக்குப் போனால் விசா போய்விடுமோ என்று வாயைத் திறக்காமல் இருக்கும் பெண்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். குற்றத்தில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு ஒத்துழைப்பவர் யு விசா கேட்கலாம். அதற்குப் போலீஸோ டி.ஏ. அலுவலகமோ ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். ‘உங்கள் அலுவலகத்தில் அதை யார் பார்ப்பார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?’ என்று கேளுங்கள். ‘நல்ல கேள்வி’ என்று மட்டும் சொல்லி நகர்கிறவர் அதற்கப்புறமும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

நூறு டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் பெயர், வேலை, வேலை பார்க்கும் இடம் எல்லாம் வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 460-ல் இருக்கும். தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் வந்தால் 24 மணி நேரத்துக்குள் படிவம் 497 போட வேண்டும். கவுண்டித் தேர்தல் அலுவலகத் தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது படிவம் 496: வேட்பாளரோடு சேராமல் வெளிக்குழுக்கள் தனியாகச் செலவழிப்பது. அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஃபிலடெல்ஃபியாவில் 2017-ல் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ் பணத்தில் இயங்கிய வெளிக்குழு கிராஸ்னருக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. இங்கே 2024 ரிகாலுக்குப் பெரிய தொகை ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் முதலீட்டு நிதி) காரரிடமிருந்து வந்தது. இரண்டு பக்கத்திலும் பணம் உண்டு. யாருடைய பணம் என்று தெரிந்துகொண்டு தபாலில் வரும் பளபள அட்டையைப் படியுங்கள்.

கதவு தட்டப் போகிறீர்களா

தபால் பெட்டிக்குள் துண்டுப் பிரசுரம் போடாதீர்கள், கூட்டாட்சிச் சட்டப்படி தப்பு. கதவுக் கைப்பிடியில் மாட்டலாம். வாசல் மணியில் இருக்கும் ரிங் கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கள் தெருக்களில் பகல் நேரத்தில் கதவைத் திறப்பது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாக்கள். ஒருவர் கையில் கீரைக்கட்டோடு வந்து திறந்தார்.

“பையன் ஆபீஸ் போயிருக்கானே. யாரும்மா நீங்க?”

“கவுண்டி எலெக்‌ஷன் வருதும்மா, ஓட்டுக் கேட்டு வந்தேன்.”

“இங்கயும் இப்படி வீடு வீடா வருவாங்களா? காரு, மைக்செட்டு ஒண்ணையும் காணோமே!”

“நான்தாம்மா மைக்செட்டு. உங்க மகனும் மருமகளும் சிட்டிசனா?”

“அவ ஆயிட்டா. இவன் இன்னும் ஏதோ பேப்பர் வரணும்ங்கிறான். அவகிட்ட சொல்றேன், உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

உள்ளே போகாதீர்கள். போனால் அந்தத் தெரு அன்றைக்கு முடியாது. அட்டையின் பின்பக்கம் மருமகள் பெயரை எழுதி, எதற்காக இந்த வேட்பாளர் என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மாற்றுக் கருத்துள்ளவரிடம் வாசலில் வாதாடக் கூடாது. அவர் கேட்பதற்குத் தகவலாகப் பதில் சொல்லுங்கள். ஒருவர் “போராட்ட வக்கீலுக்கு அரசாங்க ஆபீஸ் நடத்த என்ன தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி. 2024 ஏப்ரலில் நடந்த ஒன்றைப் பதிலாகச் சொன்னேன்: பழைய மரண தண்டனை வழக்கு ஒன்றில், யூதர்களையும் கறுப்பினத்தவரையும் ஜூரியில் சேர்க்காமல் தவிர்த்ததைக் காட்டும் அரசுத் தரப்புக் குறிப்புகள் அலுவலகக் கோப்பிலேயே கிடைத்தன. கூட்டாட்சி நீதிபதி வின்ஸ் சாப்ரியா உத்தரவின் பேரில் 35 மரண தண்டனை வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. பிரைஸ் அதை மூடி மறைக்காமல் பொதுவில் அறிவித்தார். கேள்வி கேட்டவர் மசியவில்லை, “இது பழசு, என் வீட்டுத் திருட்டு கேஸ் என்னாச்சு?” என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டையும் ஒரே அலுவலகம் செய்தாக வேண்டும்.

(இந்த அலமீடா அலுவலகத்துக்குப் பெருமையும் குறைவில்லை. 1925 முதல் 1939 வரை இங்கே டி.ஏ.வாக இருந்த எர்ல் வாரன்தான் பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றவர். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் 1990-ல் வக்கீல் வேலையைத் தொடங்கியதும் இங்கேதான்.)

பேலட் வந்த பிறகு

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பதிவான எல்லாருக்கும் பேலட் வீட்டுக்கு வரும். கூடவே வரும் வாக்காளர் கையேட்டில் வேட்பாளரின் அறிக்கை இருக்கும்; அதை அச்சடிக்கும் செலவு வேட்பாளருடையது. அறிக்கை இல்லையென்றால் ஆள் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், காசில்லாமலும் இருக்கலாம்.

கவுண்டி பதவிகளுக்கு முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் கதை முடிந்தது, நவம்பரில் போட்டியே கிடையாது. பிரைஸ் 2018-ல் ஜூன் மாதமே அப்படித் தோற்றார். டி.ஏ., ஷெரிஃப் தேர்தல்களை 2028-லிருந்து அதிபர் தேர்தல் வருடத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆகவே முதல் சுற்று மார்ச்சில் வரும். நவம்பருக்குக் காத்திருக்காதீர்கள்.

உறையின் மேல் கையெழுத்து உங்கள் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் பதிவிலும் தமிழ்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கடிதம் வரும். குப்பைத் தபால் என்று தூக்கிப் போடாமல் பதில் அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும். பதிவுக்கான கடைசித் தேதி 15 நாள் முன்பே முடிந்துவிடும். அதற்கப்புறம் குடியுரிமைப் பிரமாணம் எடுத்திருந்தாலும், தேர்தல் நாள் வரை நேரில் போய்ப் பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம்.

ஜெயித்த பிறகும் கதை முடிவதில்லை. 2024 ரிகாலில் சுமார் 63 சதவீதம் பேர் பிரைஸை நீக்கச் சொன்னார்கள். காலியான நாற்காலிக்கு 2025-ன் தொடக்கத்தில் நீதிபதி உர்சுலா ஜோன்ஸ் டிக்சனை நியமித்தது ஐந்து சூப்பர்வைசர்கள். பேலட்டில் நீங்கள் காலியாக விட்ட இன்னொரு இடம் அது. அதனால் இந்தியக் கடை வாசலில் யாராவது பேப்பரை நீட்டி, “ஒரு கையெழுத்துதான் சார்” என்றால், தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மேலே இருக்கும் தலைப்பை முழுக்கப் படியுங்கள். நீட்டுகிறவர் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவராக இருக்கலாம், அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. சம்மதம் என்றால் வாக்காளர் பதிவில் உள்ள முகவரியையே எழுதுங்கள். வீடு மாறிப் பதிவை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது.